வெறுந்தகரத்தில் வந்த கை

துரு எப்போதும் கீழே இருந்துதான் ஆரம்பிக்கும். மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கி, அடியில் போய்த் தேங்கி, அங்கே இருந்து தகரத்தைத் தின்றுகொண்டு மெல்ல மேலே ஏறும். அதனால் எந்தக் கார் வந்தாலும் நான் முதலில் மண்டி போட்டுக் கதவின் அடியைத்தான் பார்ப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் காரின் காலில் விழுவதுபோல இருக்கும். சோறு போடுகிற சாமி, விழுந்தால்தான் என்ன.

அந்த வெள்ளைக் கார் வந்த அன்றைக்கும் விழுந்து பார்த்தேன். அடியெல்லாம் சுத்தம். அவ்வளவு பழைய காருக்கு அப்படி இருக்கவே கூடாது. ஆனால் டிரைவர் பக்கக் கதவின் நட்டநடுவில், தண்ணீர் நிற்க வழியே இல்லாத இடத்தில், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அம்மை போட்ட முதுகு மாதிரி. விரலால் ஒன்றை அழுத்தினேன். அப்பளம் உடைகிற சத்தத்தோடு உள்ளே போனது.

நான் துவாரகாவில், ஒரு மார்க்கெட்டின் பின்பக்கம், நெளிந்த கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கிற கடையில் வேலை செய்கிறேன். கடை என்றால் ஒரு தகரக் கூரை, பெயின்ட் பீய்ச்சக் காற்றடிக்கிற ஒரு கம்ப்ரஸர், ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, அப்புறம் உஸ்தாத். கடை அவருடையது. பிஜ்னோர் பக்கத்து ஆள். அவருக்குத் தமிழ் தெரியாது, அவர் இந்தியில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். நான் கள்ளக்குறிச்சி பக்கம். நாலாவது வரை படித்தேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். அதில் இரண்டு வருஷம் மூன்றாவது.

காரைக் கொண்டுவந்தது ஒரு நர்ஸ் அக்கா. பாளையங்கோட்டைக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், அந்த வருஷம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் சிஸ்டர் என்றே கூப்பிட்டேன். வீட்டுக்காரர் முந்தின குளிர்காலத்தில் இறந்துவிட்டார். சென்ட்ரல் கவர்மென்ட் உத்தியோகம். இங்கேதான், டெல்லியிலேதான், கல்லறையில் இருக்கிறார்.

"தம்பி, ஜல்தியா முடிச்சுக் குடுத்திரணும்," என்றார் சிஸ்டர். "டெல்லியில பழைய வண்டி ஓடக்கூடாதுன்னு சட்டம், இந்தக் காருக்கு ஆயுசு முடியப் போவுது. இங்க வச்சிருந்தா பிடிச்சிட்டுப் போயி நசுக்கிருவான். ஊருக்குக் கொண்டுபோனா இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பேப்பரெல்லாம் வாங்கியாச்சி. இந்த வாரம் லாரிக்காரன் வாரேங்கான்."

"நீங்களும் ஊருக்கே போயிடப்போறீங்களா?"

"கார் போனா நானும் போவேன்."

"கார் போவலன்னா?"

அவர் கதவையே பார்த்தார். "இத இரும்புக்குப் போட்டுட்டு நான் மட்டும் ரயில் ஏறுனா, அவியள ரோட்டுல விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும் தம்பி. கார் போகாட்டி நானும் இங்கதான் கெடப்பேன், அவிய பக்கத்துல."

அவர் போனபிறகு ஸ்கிரேப்பரைக் கொப்புளத்துக்கு அடியில் விட்டு நெம்பினேன். பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அதன் கீழே பட்டி. கார்ப் பட்டி இல்லை, சுவருக்குப் பூசுகிற பட்டி. எந்தப் புண்ணியவான் செய்த வேலை என்று திட்டிக்கொண்டே தட்டினேன். ஏடு ஏடாக விழுந்தது. கடைசி ஏடு விழுந்ததும், அங்கே ஒரு கை இருந்தது.

ஐந்து விரல். உள்ளங்கை. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற மேடுகூட அப்படியே. செம்பழுப்பு நிறத்தில் தகரத்தை அரித்து உட்கார்ந்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர் கதவைத் திறக்கச் சொல்லித் தள்ளுவதுபோல.

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் இறங்கியது. துவாரகாவில் அது நாள் முழுக்க இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் நிழல் எங்கள் கூரைமேல் ஓடி, கார்மேல் ஓடி, அந்தக் கைமேல் ஓடியபோது விரல்கள் மடங்கி விரிந்த மாதிரி இருந்தது. ஸ்கிரேப்பர் என் காலில் விழுந்தது. நான் கத்தியது காலுக்காக என்று உஸ்தாத்திடம் சொன்னேன்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். "அரே மதராசி, இதுக்கா இவ்வளவு சத்தம்? எவனோ தேய்ச்ச தகரத்துல வெறுங்கைய வச்சிருக்கான். வேர்வை. வேர்வைல உப்பு. அது மேலயே பட்டியப் பூசி மூடிட்டான். இத்தன வருஷமா உள்ள உக்காந்து தின்னுருக்கு. உனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன், தேய்ச்ச தகரம் பச்சக் குழந்த மாதிரி, வெறுங்கையால தொடாதேன்னு?"

"நான் எங்க தொட்டேன்? நான் கிளவுஸ் போட்டுருக்கேன்."

"நீ தொட்டேன்னு சொன்னேனா? வேலையப் பாரு."

சிஸ்டருக்குப் போன் போட்டேன். மதியம் வந்தார். சத்தம் போடுவார், பயப்படுவார் என்று நினைத்தேன். குடையை மடித்துக் கூரைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அவிய கை," என்றார்.

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் வீட்டுக்காரர் காரைக் கேட்டில் உரசிக்கொண்டு வந்தாராம். "கடையில குடுக்க மனசு வரல. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வந்ததும் லுங்கிய மடிச்சுக் கெட்டிக்கிட்டு இவியளே தேச்சாவ. சுவத்துக்கு வாங்குன பட்டி மிச்சம் இருந்துது. அதையும் அப்புனாவ. பெயின்ட்டர் தோத்தான்னு பெரும வேற."

"கைய எதுக்குங்க வச்சாரு?"

"ஜெபிச்சிருப்பாவ. மிக்ஸி வாங்குனாலும் அது மேல கைய வச்சு ஜெபிச்சிட்டுத்தான் பிளக்க சொருகுவாவ. ஒரு வேல ஆரம்பிக்கையிலும் கை, முடிக்கையிலும் கை." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தன் கையை நீட்டினார்.

"வெறுங்கையால தொடாதீங்க சிஸ்டர், துரு புடிச்சிக்கும்."

"துருவத் தொட்டா துரு பிடிக்குமாக்கும்," என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையை அந்தக் கைமேல் பொருத்தினார். அவருடைய விரல்கள் முடிந்த இடத்துக்கு மேலேயும் துரு விரல்கள் கொஞ்சம் நீண்டிருந்தன. நானும் உஸ்தாத்தும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எழுந்து சேலையில் கையைத் துடைத்தார். "எடுத்திருங்க தம்பி."

"ஒரு போட்டோ வேணா புடிச்சி வச்சிக்கறீங்களா?"

"வேண்டாம். புண்ணப் போட்டோ எடுத்துக்கிட்டா வார்டுல இருந்தோம்? அழுக்கு உள்ள இருக்கையில மேல கட்டுப் போட்டா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா? சுத்தம் பண்ணுங்க."

பண்ணினேன். முதலில் முரட்டு உப்புத்தாள். குழிகளுக்குள்ளே இருந்ததற்கு, துருவைத் தின்கிற ஒரு திரவம் பாட்டிலில் வரும், அதைப் பூசி ஊறவிட்டேன். அப்புறம் தண்ணீர், துணி, நைஸ் உப்புத்தாள், கடைசியில் தின்னர். சாயங்காலம் அந்த இடம் புதுச் சில்வர் தட்டு மாதிரி என் முகத்தைக் காட்டியது. என் முகத்தைப் பார்த்தபிறகும் எனக்குத் திருப்தியாக இருந்தது என்றால் வேலை எவ்வளவு சுத்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி துரு இல்லை.

உடனே பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்திருக்க வேண்டும். வெறுந்தகரத்தை ராத்திரிக்கு விடக்கூடாது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் அடித்தால் பிரைமர் நிற்காது என்று உஸ்தாத் கம்ப்ரஸரை மூடிவிட்டார். தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, நாலு பக்கமும் செங்கல் வைத்துவிட்டுப் போனோம்.

மறுநாள் காலை நான்தான் முதலில் வந்தேன். மழை நின்று ரோடு எல்லாம் ஆவி பறந்தது. செங்கல்கள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. தார்ப்பாயைத் தூக்கினேன்.

கை இருந்தது.

அதே இடம். புதுத் துரு. பழையதுபோல் செம்பழுப்பு இல்லை, மஞ்சளும் மிளகாய்த்தூளும் குழைத்த நிறம். ஐந்து விரல், உள்ளங்கை. அப்போதுதான் யாரோ வைத்துவிட்டு நகர்ந்ததுபோல.

என் கால் இரண்டும் என்னைக் கேட்காமலே பின்னால் போயின. முதுகு கம்பத்தில் இடித்தது. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. மார்க்கெட் ஷட்டர் எல்லாம் மூடியிருந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் காரிடம் பேசினேன். "ஐயா, நான் கூலிக்கு வேல செய்யறவங்கய்யா. தேய்க்கச் சொன்னது உங்க ஊட்டம்மா. எதுவா இருந்தாலும் அங்க கேட்டுக்குங்க." கூரையிலிருந்து ஒரு சொட்டு கதவின் மேல் விழுந்து, அந்த விரல்களுக்கு நடுவே வழிந்தது.

உஸ்தாத் வந்து பார்த்தார். முதல் நாள் சாயங்காலம் அந்தத் தகரத்தை அவரும்தான் பார்த்திருந்தார். எப்போதும் கேலி பேசுகிற மனுஷன் பீடியைத் தலைகீழாக வைத்துப் பற்றவைத்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பெயின்ட் முடிந்ததா என்று பார்க்க வந்த சிஸ்டர் குடையோடு தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"நேத்து சரியா எடுக்கலியா?"

"சத்தியமா எடுத்தேன் சிஸ்டர். உஸ்தாத்தக் கேளுங்க."

உஸ்தாத் தலையை ஆட்டினார்.

சிஸ்டர் முகத்தில் பயம் இல்லை. ஒரு பதில் கிடைத்த முகம். "வரமாட்டேங்காவ," என்றார்.

"யாரு?"

"அவிய. போவட்டா, வேண்டாமான்னு தெனமும் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன். கார்ல உக்காந்து கேட்டேன், கல்லறையில போயிக் கேட்டேன். இதுக்கு மேல எப்படிச் சொல்லுவாவ?" போனைக் கையில் எடுத்தார். "லாரிக்காரன வேண்டாம்னு சொல்லிருதேன். இரும்புக்கு எடுக்க ஆள் யாரும் தெரியுமா?"

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. "இன்னொரு தடவ தேய்ச்சிப் பாக்கறேன் சிஸ்டர். குழியில ஏதாவது ஒட்டிக்கினு இருந்துருக்கும். ஒரே ஒரு தடவ."

போனைப் பைக்குள் போட்டார். "சரி, தேயிங்க. திரும்ப வந்துட்டுன்னா நான் போவல. அதோட முடிஞ்சு."

ஆக, ஒரு அம்மாவின் மிச்ச வாழ்க்கை பாளையங்கோட்டையா துவாரகாவா என்பது என் உப்புத்தாளில் வந்து நின்றது. மூன்றாவதையே இரண்டு தடவை எழுதியவன் நான்.

பகல் முழுக்கத் தேய்த்தேன். கிளவுஸைக் கழற்றாமல் டீ குடித்தேன். டீயில் தின்னர் வாசனை அடித்தது, அதையும் குடித்தேன். சாயங்காலம் கரன்ட் போய்விட்டது. கரன்ட் இல்லாமல் கம்ப்ரஸர் ஓடாது. காத்திருந்தோம், வரவில்லை. மறுபடியும் தார்ப்பாய், மறுபடியும் செங்கல். இந்தத் தடவை எட்டு செங்கல் வைத்தேன். வருகிறவர் செங்கலைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் இல்லை என்று தெரிந்தும் வைத்தேன்.

வீட்டில் என் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் நாலு பிளாட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். நான் தகரம் தேய்க்கிறேன். எங்கள் குடும்பமே தேய்கிற குடும்பம்.

"அவரு செத்தும் பொண்டாட்டிய உட்டுட்டுப் போவலங்கறாரு," என்றாள். "நீ உசுரோட இருந்துக்கினே ஞாயித்துக்கெழம எங்க போறேன்னு தெரியல."

"நான் பயந்து கெடக்கறேன், நீ வேற."

"இன்னாத்துக்குப் பயம்? அவரு அந்தம்மாவத் தேடி வராரு. உன்னத் தேடி எந்தப் பேய் வரும்? வந்தாலும் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடும்." சொல்லிவிட்டு ஒரு எலுமிச்சம்பழத்தைக் குங்குமம் தடவி என் சட்டைப் பையில் போட்டாள். கிண்டல் பண்ணுகிறவள் ஏன் பழம் தருகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் கதவைத் தாழ் போட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

காலையில் உஸ்தாத் வரும்வரை தார்ப்பாயை நான் தொடவில்லை. பழத்தை முதலில் காரின் கண்ணாடியில் கட்டினேன். அப்புறம் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினோம்.

வந்திருந்தது. முந்தின நாளைவிட அழுத்தமாக. விரல் நுனிகள் ஆழமாகப் பதிந்து, உள்ளங்கை முழுசாக ஒட்டி, இன்னும் கொஞ்சம் சக்தியோடு தள்ளினதுபோல. உஸ்தாத் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உதட்டுக்குள் எதையோ ஓதினார்.

சிஸ்டருக்கு யார் போன் பண்ணுவது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். பார்த்தார். "சரி," என்று மட்டும் சொன்னார். அப்புறம் பழத்தைப் பார்த்தார்.

"இது என்னது? ஊறுகா போடவா?"

"என் பொண்டாட்டி குடுத்தா சிஸ்டர்."

இரண்டு விரலால் அவிழ்த்து என் கையில் வைத்தார். உடைந்த நாற்காலியை இழுத்துக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து பிளாஸ்க்கும் பிரெட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் இன்னைக்கு இங்கயே இருக்கேன். நீங்க தேயிங்க."

"திரும்ப வந்துடுச்சே சிஸ்டர், இன்னும் எதுக்கு?"

"வாரதப் பாக்கணும்," என்றார். "போவலன்னு முடிவு பண்ணியாச்சி. அது வேற. வரும்போது பக்கத்துல இருந்தா போதும்."

அன்றைக்குத் தேய்த்த மாதிரி நான் என்றைக்கும் தேய்த்ததில்லை. எனக்கு முன்னால் கை. எனக்குப் பின்னால், அந்தக் கையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனைவி. நடுவில் நான் தடுப்புச் சுவர். உப்புத்தாள் போடுகிற சத்தம்கூடக் காதில் ஏதோ சொல்லுகிற மாதிரி கேட்டது. நிறுத்தினால் அதுவும் நிற்கும். அந்த அமைதி அதைவிட மோசம். ஒரு ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், சிஸ்டர் விரலை உதட்டில் வைத்தார். அவர் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வானம் வெளுத்தது. வெயில் சாய்ந்து கடைக்குள் வந்தது. கரன்ட் இருந்தது. தின்னரில் துடைத்து முடித்தேன். தகரம் பளபளத்தது. துடைத்தது காய்ந்ததும் பிரைமர் அடித்துவிடலாம் என்று உஸ்தாத் கம்ப்ரஸரைப் போடப் போனார். நான் கிளவுஸைக் கழற்றினேன்.

"தம்பி!"

வார்டில், கட்டுப் பிரித்த காயத்தை ஒரு விசிட்டர் தொடப்போனால் வருகிற குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"கைய எடுக்காதிய. அப்படியே இருங்க."

எந்தக் கை என்று கேட்க நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன். என் தலை குனிந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. என் வலது கை, வெறுங்கை, விரல் விரித்து, தகரத்தின்மேல் படுத்திருந்தது.

அதை அங்கே நான் வைக்கவில்லை. இதை எப்படிச் சொன்னால் நம்புவீர்கள் என்று தெரியவில்லை. கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தொடுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். ஆட்டோ எடுக்கிறவன் ஹேண்டிலைத் தொடுவான். கொத்தனார் கரண்டியைத் தொடுவான். நானும் வேலை முடிந்தால் கிளவுஸைக் கழற்றி, வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன் போலிருக்கிறது. போலிருக்கிறது என்கிறேன். மூச்சு விடுகிறவன் மூச்சு விட்டதை ஞாபகம் வைத்துக்கொள்வானா? முதல் நாள் வைத்திருக்கிறேன். இரண்டாம் நாள், பயத்தில், சாமி காப்பாத்து என்று இன்னும் அழுத்தி, இன்னும் ரொம்ப நேரம் வைத்திருக்கிறேன். அதனால்தான் இன்னும் அழுத்தமாக வந்திருக்கிறது.

சிஸ்டர் என் மணிக்கட்டை நாடி பார்க்கிற மாதிரி பிடித்து, கையை மெல்லத் தூக்கினார். தகரத்தில் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு கை தெரிந்தது. ஐந்து விரல், உள்ளங்கை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து மங்கி, சுருங்கி, மறைந்தது. மறைந்ததில்தான் எனக்குப் பயம். அது போகவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கேயே இருக்கிறது. காலையில் வரும்.

உஸ்தாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார். "மதராசி, உன் கைய உனக்கே அடையாளம் தெரியல! நாளைக்கு உன் நிழலப் பாத்து போலீஸ்ல சொல்லுவ!" நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. சிஸ்டரின் வீட்டுக்காரர் கை வைத்த அதே இடத்துக்கு என் கை எப்படிப் போனது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுக்கு முன்னால் மண்டி போட்டு வேலை செய்கிறவன் தலை குனிந்தால் கை போய் நிற்கிற இடம் அதுதான். அவர் ஏசுவிடம் கேட்டார். நான் யாரிடம் கேட்டேனோ. ஆனால் கல்லறையில் இருக்கிற ஒரு மனுஷன் எப்படி உட்கார்ந்தார், எப்படிக் குனிந்தார், எங்கே கையை ஊன்றினார் என்பதை என் உடம்பு தினமும் சாயங்காலம் செய்து காட்டியிருக்கிறது. எனக்குச் சொல்லாமல்.

சிஸ்டர் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை.

"அப்ப அவிய ஒண்ணும் சொல்லல," என்றார்.

"சிஸ்டர், நான் வேணும்னு செய்யல..."

"தெரியும் தம்பி. ஒண்ணுமே சொல்லல, அதான்."

பேய் வந்தபோது எனக்கு இருந்த பயத்தை முன்பே சொன்னேன். பேய் வரவில்லை என்று ஆனபோது அந்தக் கடையில் ஒரு வெறுமை வந்து நின்றது. அந்தப் பயம் வேறு. கார் வெறும் காராக இருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஸ்டியரிங்மேல் வெயில் மட்டும் விழுந்து கிடந்தது. இரண்டு நாளாக நாங்கள் மூன்று பேரும் நாலு பேராக இருந்தோம். இப்போது திரும்பவும் மூன்று.

கம்ப்ரஸர் நிரம்பித் தானாக நின்றது. அந்தச் சத்தம் நின்றதும் சிஸ்டர் கேட்டார். "இப்ப என்ன செய்யணும்?"

"மறுபடி தேய்ச்சி, தின்னர்ல தொடச்சி, பிரைமர் அடிக்கணும்."

"கிளவுஸ் போடுங்க."

போட்டேன். அவர் எழுந்துவந்து என் பக்கத்திலேயே நின்றார். ஆபரேஷன் ரூமில் டாக்டரைக் கவனிக்கிற கண். தேய்த்தேன், துடைத்தேன். ஸ்பிரே கன்னை எடுத்து அடித்தேன். சாம்பல் நிறம் ஒரு ஓரத்திலிருந்து பனி மாதிரி இறங்கி, என் முகத்தை மூடி, அவர் முகத்தை மூடி, தகரத்தை முழுசாக மூடியது. கடைசிப் பளபளப்பு மறைகிறவரை அவர் கண் சிமிட்டவில்லை.

பிறகு போனை எடுத்தார். "ஹா பையா, காடி ஜாயேகி," என்றார். வண்டி போகும் என்று லாரிக்காரனிடம் சொல்லிவிட்டார்.

"நீங்க, சிஸ்டர்?"

"நானுந்தான். கேட்டேன், பதில் சொல்லல. உயிரோட இருக்கையிலயும் அப்படித்தான். கார் வாங்கவா வேண்டாமா, வீடு மாறவா வேண்டாமான்னு எது கேட்டாலும் பேப்பர வாசிச்சிக்கிட்டே இருப்பாவ. கடசியில முடிவு எடுக்கது நான். பொறவு, நான் அப்பவே நெனச்சேன்னு சொல்லுவாவ." பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். ஏற்கெனவே மூடியிருந்ததை இன்னும் இறுக்கினார்.

பெயின்ட் நன்றாகக் காய்ந்தபிறகு லாரி வந்தது. பலகை சாய்த்து ஏற்றும்போது சிஸ்டர் என் பக்கத்தில் நின்று கேட்டார்.

"தம்பி, எத்தன வருஷமா இந்த வேல பாக்கிய?"

"ரொம்ப வருஷம் ஆச்சுங்க சிஸ்டர். இங்க வந்ததுலேருந்து இதான்."

"எல்லா வண்டியிலயும் இப்படித்தான் கைய வச்சியளா?"

மழை இல்லாத காலத்தில் கிளவுஸைக் கழற்றி, தொட்டுக் கும்பிட்டு, உடனே பிரைமர் அடித்து மூடிய கதவுகள் எத்தனை. டெல்லி முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. ரிங் ரோட்டில், கிட்வாய் நகரில், ஏர்போர்ட் வாசலில். பெயின்ட்டுக்கு அடியில் என் கை உட்கார்ந்து மெதுவாகத் தின்றுகொண்டிருக்கும். எனக்குப் பிறகு என்றைக்காவது எவனோ ஒருவன் ஸ்கிரேப்பரை விட்டு நெம்புவான். ஏடு ஏடாக விழும். அவன் யாருக்குப் போன் போடுவான்? என் பெண்டாட்டியிடம் இதைச் சொன்னபோது, "எனக்குப் போட வேணாம்னு சொல்லிடு," என்றாள். அப்புறம் என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சிஸ்டர் அதே வாரம் ரயில் ஏறினார்.

ஊரில் ஐப்பசி மழை அடித்து ஓய்ந்தபிறகு ஒருநாள் போன் வந்தது. நான் வேறொரு காரின் காலில் விழுந்துகிடந்தேன். கார் நல்லபடியாக ஓடுவதைச் சொன்னார், என் பெண்டாட்டியை விசாரித்தார், உஸ்தாத்துக்கு சலாம் சொல்லச் சொன்னார். பின்னால் எங்கேயோ கோயில் மணி கேட்டது.

"கதவுல ஒண்ணும் வரல தம்பி."

"நல்லதாப் போச்சுங்க சிஸ்டர். நல்ல வேல."

"ஒண்ணுமே வரல. வெளிச்சத்துல சாஞ்சு நின்னுகூட பாத்துட்டேன். தடவியும் பாத்துட்டேன். வழுவழுன்னு இருக்கு."

வேலை சுத்தம் என்று ஒரு பெயின்ட்டரிடம் சொன்னால் அவன் மார் தட்ட வேண்டும். அந்தக் குரலுக்கு மார் தட்ட முடியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே மண்டி போட்டிருந்தேன்.

"சரி, வைக்கேன்," என்றார். "அடுத்த மழைக்கும் பாக்கேன்."